தொண்டைமானாறு: பெயரும் நீரும்

யாழ்ப்பாணத்து மாணவர் பலருக்குத் தொண்டைமானாறு என்னும் பெயர் முதன்முதல் அறிமுகமாவது ஒரு வினாத்தாளின் தலைப்பிலேயாம். அவ்வூரின் பெயரைத் தாங்கிய வெளிக்கள நிலையம் உயர்தர வகுப்பினருக்காக நடத்திவரும் பரீட்சைகள் அப்பெயரைப் பல பாடசாலைகளுக்குங் கொண்டுசென்றுள்ளன. முருகனடியாருக்கோ அப்பெயர் செல்வச்சந்நிதியையும், வேலினையும், அன்னதானத்தையும் நினைவூட்டும். ஆயின் அப்பெயரையே ஒரு வினாவாக எடுத்து ஆராய்ந்தவர் நம்மிடையே மிகச் சிலர். தொண்டைமான் என்பவன் யார்? அவன் பெயரைப் பெற்ற நீர் உண்மையில் ஓர் ஆறுதானா? இவ்விரு வினாக்களையும் முறையே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பெயர் பற்றிய ஆராய்ச்சியாகத் தொடங்கும் இது, ஈற்றில் நம் கிணறுகளின் நீரைப் பற்றியதாக முடிதலைக் காண்போம்.

நிலத்தின் இயல்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வல்வெட்டித்துறைக்கு மேற்கே, பாக்கு நீரிணையிலிருந்து நிலத்தினுள் நுழையும் ஒடுங்கிய நீர்வாய் ஒன்று உளது. அச்சுவேலியிலிருந்து வல்வெட்டித்துறைக்குச் செல்லும் வீதி அதனை ஒரு பாலத்தின் மேலாகக் கடக்கின்றது. பாலத்தில் நின்று நோக்குவார்க்கு அது ஆறு போலவே தோன்றும். இரு மருங்கும் கரை, நடுவே நீர், கரையிலே கோயில், கோயிலுக்கு வடக்கே கடல். இத்தோற்றத்தைக் கண்டவர் அதனை ஆறென்று அழைத்தது வியப்பன்று.

ஆயின் அந்நீரின் வழியே தென்கிழக்கு நோக்கிச் சென்றால் அதன் உண்மையியல்பு புலப்படும். ஆறு என்பது மேட்டுநிலத்திலே சிறிதாகத் தோன்றி, கிளைகளைச் சேர்த்துக்கொண்டு, கடலை நெருங்க நெருங்க அகன்று செல்லும். தொண்டைமானாறோ கடல்வாயில் ஒடுங்கி, உள்ளே செல்லச் செல்ல அகல்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி வல்லைவெளியில் அதனைக் கடக்கும் இடத்தில், மரமும் மனையுமற்ற வெளியும் நீர்ப்பரப்புமே கண்ணுக்குப் புலப்படும். வல்லைவெளிக் காற்றை எதிர்த்துத் துவிச்சக்கரவண்டி மிதித்தவர் எவரும் அவ்விடத்தின் அகலத்தை மறவார். அதற்கப்பால் அது மேலும் விரிந்து, வடமராட்சியைத் தென்மராட்சியினின்றும் பிரித்துக்கொண்டு, ஆனையிறவுப் பக்கத்தை நோக்கி 30 கிலோமீற்றருக்கு மேலாக நீண்டு கிடக்கின்றது. புவியியலார் இதனை வடமராட்சிக் கடனீரேரி என்பர். இதன் பரப்பு ஏறத்தாழ 77 சதுர கிலோமீற்றர். ஆகவே தொண்டைமானாறு எனப்படுவது ஊற்றிற் பிறந்து கடலிற் கலக்கும் ஆறன்று. ஆழங்குறைந்த நெடியதொரு கடனீரேரியின் வடவாயே அஃதாகும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாமைக்குக் காரணம் நிலத்தின் அமைப்பே. இந்நிலம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லால் ஆயது, பெரும்பாலும் சமதரையானது. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதன் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்தில் விழுந்துவிடுகின்றது. விழும் நீரிற் பெரும்பகுதியைச் சுண்ணாம்புக்கல் தன் வெடிப்புகளாலும் துளைகளாலும் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியது குளங்களிலும் தரவைகளிலும் தேங்கிக் கடனீரேரிகளை அடையும். வலிகாமத்து வழுக்கையாறு ஒன்றே ஆற்றின் இயல்பை ஓரளவு உடையது. அதுவும் மழைக்காலத்தில் மாத்திரம் ஓடி, அராலிப் பக்கத்தே கடனீரேரியைச் சேர்வது.

ஆறு என்னும் சொல்

கடனீரேரியின் வாயை நம் முன்னோர் ஏன் ஆறு என்றனர்? பழந்தமிழில் இத்தகைய நீருக்கு வேறு பெயருண்டு. கடல்நீர் நிலத்தினுட் புகுந்து நிற்கும் இடத்தைச் சங்கப்புலவர் ‘கழி’ என்றனர். கண்டலும் தாழையும் சூழ்ந்த கழி நெய்தல் நிலத்துக்குரியது. அவ்வழக்கின்படி நோக்கின் தொண்டைமானாறு ஓர் உப்பங்கழியே. யாழ்ப்பாண வழக்கிலும் ஆழங்குறைந்த கடலைப் ‘பரவை’ அல்லது ‘பரவைக்கடல்’ என்னும் பெயரால் அழைத்தல் உண்டு. கழி, பரவை என்னும் சொற்கள் இருக்கவும் ‘ஆறு’ என்பது இவ்விடத்துக்கு வாய்த்தது கருதத்தக்கது.

இதற்கு இரு விளக்கங்கள் கூறலாம். முதலாவது, தோற்றம் பற்றியது. மழைக்காலத்தில் கடனீரேரி நிறைந்து, நீர் ஒடுங்கிய வாயினூடாகக் கடலை நோக்கி விரைந்து பாயும். அக்காலத்தில் அது கண்ணுக்கு ஆறாகவே தோன்றும். வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் இடையிலுள்ள மற்றொரு கடனீரேரி, அரியாலைப் பக்கத்தே யாழ்ப்பாணக் கடனீரேரியைச் சேர்வது, ‘உப்பாறு’ எனப் பெயர் பெற்றிருத்தலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. உப்பாறு என்ற பெயரை இட்டவர் அதன் நீர் உவர்நீர் என்பதை அறிந்தே இட்டனர். அறிந்தும் ஆறென்றே அழைத்தனர். எனவே நீண்டு ஒடுங்கிச் செல்லும் நீரைச் சுவை நோக்காது ஆறென்பது இந்நாட்டு வழக்காதல் வேண்டும்.

இரண்டாவது, சொற்பொருள் பற்றியது. தமிழில் ஆறு என்பதற்கு நீர்ப்பெருக்கு என்பதனோடு வழி, நெறி என்னும் பொருள்களும் உள. பரிசில் பெற்றோர் பெறாதோரை வழிப்படுத்தும் இலக்கியவகை ஆற்றுப்படை எனப் பெயர்பெற்றது இப்பொருள் பற்றியே. கடலோடிகளுக்குக் கரையினுட் புகும் நீர் ஒரு வழியே. மரக்கலத்தை உள்ளே செலுத்தவும், சரக்கை வெளியே கொண்டுவரவும் உதவும் நீர்வழியை ஆறு என்றல் மிகப் பொருந்தும். பெயரை இட்டவர் இப்பொருளைக் கருதினர் என்று துணிந்து கூறுதற்குச் சான்றில்லை. ஆயினும் பெயரின் முற்பகுதியாகிய ‘தொண்டைமான்’ என்பதனோடு வழங்கிவரும் கதை நீர்வழி ஒன்றை வெட்டிய கதையே என்பதை நோக்கும்போது, இக்கருத்து வலியுறுகின்றது.

தொண்டைமான் யார்?

அக்கதையை நமக்கு எழுத்தில் தந்தது யாழ்ப்பாண வைபவமாலை. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய நூல் அது. வடபகுதியிற் கரணவாய் முதலிய இடங்களில் நல்லுப்பு விளைதலைக் கேள்வியுற்ற தொண்டைமான் என்னும் அரசன், இங்கு வந்து, இந்நாட்டு மன்னனின் இசைவு பெற்று, மரக்கலங்கள் உட்சென்று உப்பேற்றுதற்கு வசதியாக நீர்வழியைத் திருத்தினான் என்பதும், அதனால் அது தொண்டைமானாறு எனப்பட்டது என்பதும் அந்நூல்வழி வந்த ஐதிகத்தின் சுருக்கமாகும்.

இத்தொண்டைமானை வரலாற்றில் அறியப்பட்ட ஒருவனோடு இணைக்க முயன்றோர், முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமானைச் சுட்டினர். முதலியார் செ. இராசநாயகம் 1926 ஆம் ஆண்டில் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலின் பின்னர் இக்கருத்து நன்கு பரவிற்று. கருணாகரன் கலிங்கப்போரில் வென்றவன். சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியால் அழியாப் புகழ் பெற்றவன். உரும்பிராயிலுள்ள கருணாகரப் பிள்ளையார் கோயிலை அவனோடு தொடர்புபடுத்தும் மரபும் இங்கு உண்டு. கோயிற் பெயர் ஒரு பக்கம், ஆற்றின் பெயர் மற்றொரு பக்கமாக இரண்டும் ஒருவனையே சுட்டுதல் மனத்தைக் கவர்வதொன்றே.

எனினும் மனத்தைக் கவர்வதெல்லாம் நிறுவப்பட்டதாகாது. இக்கருத்துக்குத் தடையாக மூன்று செய்திகள் உள. முதலாவது, வைபவமாலை கூறுபவன் ஓர் அரசன். கருணாகரனோ சோழனின் கீழ்ப் பணிபுரிந்த படைத்தலைவன். இரண்டாவது, காலம். இலங்கையிற் சோழராட்சி 993 ஆம் ஆண்டளவிற் பொலனறுவைக் காலத்தைத் தொடக்கிவைத்து, 1070 ஆம் ஆண்டில் முதலாம் விசயபாகுவின் வெற்றியோடு முடிவுற்றது. குலோத்துங்கன் சோழ அரியணை ஏறியதும் அதே 1070 ஆம் ஆண்டிலேயாம். ஆகவே கருணாகரன் புகழோடு விளங்கிய நாளில் பொலனறுவை சோழர் கையில் இல்லை. உள்நாட்டு மன்னனின் இசைவு பெற்றே தொண்டைமான் வேலை செய்தான் என்னும் கதைப்பகுதி இந்நிலைக்கு மாறானதன்று. ஆயினும் அதனை நிறுவுதற்கும் அது போதியதன்று.

மூன்றாவது, தொண்டைமான் என்பது ஒருவனுக்கே உரிய இயற்பெயரன்று. தொண்டை நாட்டை ஆண்டோருக்கும் அவர் வழியினர் எனப்பட்டோருக்கும் உரிய பட்டப்பெயர். சங்ககாலத்தில் தொண்டைமான் இளந்திரையன் பெரும்பாணாற்றுப்படையின் தலைவனாக விளங்கினான். பல்லவரையும் தொண்டையர் என்றனர். பிற்காலத்திற் புதுக்கோட்டை மன்னரும் தொண்டைமான் எனப்பட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளாகப் பலர் தாங்கிய பட்டத்தை ஓர் ஆற்றின் பெயரிற் கண்டு, அவருள் ஒருவனை மாத்திரம் சுட்டுதல் எளிதன்று.

அங்ஙனமாயின் பெயரால் நாம் அறிவது யாது? தமிழகத்தின் பட்டப்பெயர் ஒன்றைத் தாங்கிய தலைவனோ, அவனுடைய மக்களோ இந்நீர்வாயோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தனர் என்று மக்கள் நம்பினர் என்பது அறியப்படும். வன்னியிற் கனகராயன் ஆறு, அக்கராயன் ஆறு என்பனவும் ஆட்பெயரால் வழங்குதலை நோக்குக. நீரை அடக்கியோ திருத்தியோ பயன்படுத்தியோன் பெயரை நீருக்கே இடுதல் இந்நாட்டு மக்களின் நன்றியறிதலின் ஒரு வடிவம் போலும். உப்பாறு சுவையாற் பெயர் பெற்றது. தொண்டைமானாறு செயலாற் பெயர் பெற்றது.

உப்பும் நீர்வழியும்

கதையின் பிற்பகுதியாகிய உப்பினைப் பற்றிய செய்தி நிலத்தின் இயல்போடு முற்றும் ஒத்தது. கோடையில் மழை அருகும். வெயிலும் காற்றும் மிகும். கடனீரேரியின் ஆழமற்ற ஓரங்களில் நீர் வற்றும்போது உப்புத் தானாகவே படியும். கரணவாய் கடனீரேரியை அடுத்த ஊர். அங்கு உப்பு விளைதலில் ஐயமில்லை. உப்புப் பாரமிக்க சரக்கு. அதனைத் தலைச்சுமையாகவோ வண்டியிலோ கடற்கரைக்குக் கொண்டுசெல்வதிலும் தோணியிற் கொண்டுசெல்வது எளிது. விளையும் இடத்துக்கும் கடலுக்கும் இடையே இயற்கையாகவே ஒரு நீர் கிடக்கும்போது, அதன் வாயை ஆழமாக்குவதே வணிகன் செய்யத்தக்க அறிவுடைச் செயலாகும்.

ஆகவே தொண்டைமான் இந்நீரை முழுவதும் வெட்டினான் என்று கொள்ளல் வேண்டியதில்லை. 30 கிலோமீற்றர் நீளமான கடனீரேரியை எவரும் வெட்டியிரார். அஃது இயற்கையின் ஆக்கம். கடலலையும் நீரோட்டமும் மணலைக் கொணர்ந்து ஒடுக்கக்கூடிய வாயை ஆழமாக்கி மரக்கலம் நுழையச் செய்தலே மனிதர் முயற்சியால் முடியத்தக்கது. ஐதிகத்தை இவ்வாறு அளவுபடுத்திக் கொள்வோமாயின் அது நம்பத்தகாத கதையாகாது, நிலவியலுக்கு இயைந்த செய்தியாகும். ஐதிகத்தை முழுதும் ஏற்றலும் முழுதும் தள்ளலும் ஆராய்ச்சியாளனுக்கு அழகல்ல. நிலத்தோடு வைத்து அளத்தலே முறை.

உவர்நீரைத் தடுத்த அணை

பண்டு ஒருவன் மரக்கலம் புகுதற்காக இவ்வாயைத் திறந்தான் என்றால், 20ஆம் நூற்றாண்டினர் அதனை உவர்நீர் புகாவண்ணம் அடைக்க முயன்றனர். இம்மாற்றத்தின் காரணத்தை அறிய நம் கிணறுகளின் இயல்பை அறிதல் வேண்டும்.

சுண்ணாம்புக்கல்லினுட் புகுந்த மழைநீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரங்குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் கண்ட விதியின்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்திருப்பின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தாலோ கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலெழும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இவ்வுண்மைக்கு நாம் கண்ணாற் காணத்தக்க சான்று. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவுப்பகுதி ஆகியவற்றின் நிலத்தடி நீர் இவ்வாறே வில்லை வடிவாக மிதந்து நிற்பது. தோட்டமும் துலாவும், பின்வந்த இயந்திரமும் இறைக்கும் நீரெல்லாம் இவ்வில்லையிலிருந்தே எடுக்கப்படுவன.

இவ்வில்லைகளின் நடுவே உவர்நீர்க் கடனீரேரிகள் நுழைந்து கிடப்பது குடாநாட்டின் குறைகளுள் ஒன்று. கரையோரக் கிணறுகள் உவர்க்கின்றன. வயல்கள் உவராகித் தரிசாகின்றன. மழைக்காலத்தில் கடனீரேரியை அடையும் நன்னீரோ பயனின்றிக் கடலுட் பாய்கின்றது. கடனீரேரியின் வாயில் ஓர் அணை அமைத்து, கடல்நீர் உட்புகாமலும் மழைநீர் வீணே வெளியேறாமலும் செய்தால், சில ஆண்டுகளில் அந்நீர் உவர் குறைந்து, சூழவுள்ள நிலத்துக்கும் கிணறுகளுக்கும் நலஞ்செய்யும் என்பதே திட்டம். தொண்டைமானாற்றுத் தடுப்பணை 1953 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. உப்பாற்றின் வாயிலும் அரியாலையில் ஓர் அணை எழுந்தது.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 ஆம் ஆண்டில் இதனை மேலும் விரித்தார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு முதலியன கொண்டுவரும் நீர் ஆனையிறவுக் கடனீரேரியைச் சேர்ந்து, சுண்டிக்குளத்தின் வழியே கடலிற் கலக்கின்றது. ஆனையிறவுக் கடனீரேரியையும் நன்னீராக்கி, முள்ளியானில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமான கால்வாய் வெட்டினால், அந்நீர் வடமராட்சிக் கடனீரேரியை அடையும். அங்கிருந்து தொண்டைமானாறு வரையும் உப்பாறு வரையும் பரவும். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்பதே அவர் திட்டத்தின் பெயர். பெயரளவில் ஆறாயிருந்த நீரை உண்மையாகவே வன்னி ஆற்றின் கடைப்பகுதியாக்க அவர் எண்ணினார் என்க.

திட்டம் முற்றுப்பெறவில்லை. 1960 ஆம் ஆண்டுகளில் வேலைகள் நடந்தன. முள்ளியான் கால்வாய் குறையாக நின்றது. கட்டிய அணைக்கரை வெள்ளத்தால் உடைந்தது. தொண்டைமானாற்று அணையின் மரப்பலகைகள் காலப்போக்கில் உக்கி, கடல்நீர் மீண்டும் உட்புகலாயிற்று. பின்னர் நேர்ந்த நெடும்போர் பராமரிப்பை இயலாததாக்கிற்று. 2009 ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின்னரே இவற்றைச் சீர்செய்யும் முயற்சிகள் மீண்டும் தலையெடுத்தன. கட்டுதல் ஒரு முறை செய்யும் வேலை. காத்தல் ஆண்டுதோறும் செய்யும் வேலை என்பதையே அணையின் வரலாறு உணர்த்துகின்றது.

எண்ணத்தக்கன சில

இத்திட்டத்தை ஆராய்பவர் மறக்கலாகாத மற்றொரு பக்கமும் உண்டு. உழவனுக்குக் குறையாகத் தோன்றும் உவர்நீர் மீனவனுக்குச் செல்வம். கடனீரேரியின் இறாலும் மீனும் கடல்நீரும் மழைநீரும் கலக்கும் நிலையில் வளர்வன; அவற்றுட் பல குஞ்சுப்பருவத்திற் கடலிலிருந்து வாயினூடாகவே உட்புகுவன. வாயை முற்றாக அடைப்பின் அக்குடும்பங்களின் பிழைப்புக்கு வழி யாது? மழைமிக்க ஆண்டிற் கதவங்களை உரிய நேரத்தில் திறவாவிடின் தாழ்ந்த வயல்கள் வெள்ளத்தில் மூழ்கும். முற்கூட்டியே திறப்பின் சேர்த்த நன்னீர் வீணாகும். எந்நாளில் திறப்பது, எந்நாளில் அடைப்பது என்பதைப் பொறியியலாளர் ஒருவரே முடிவுசெய்தல் இயலாது. உழவரும் மீனவரும் ஒருங்கிருந்து உடன்படல் வேண்டும். உள்நாட்டு மன்னனின் இசைவு பெற்றே தொண்டைமான் வாயைத் திருத்தினான் என்னும் பழங்கதை இவ்வகையிற் பொருளுடையதே. ஒரு நீரின் இயல்பை மாற்றுவோர் அந்நீரால் வாழ்வோரின் இசைவைப் பெறல் வேண்டும்.

இனி, தொடக்கத்திற் கேட்ட வினாக்களுக்கு விடை கூறுவோம். தொண்டைமான் இன்னான் என்று துணிதற்கு இயலவில்லை, கருணாகரன் எனக் கொள்வது ஏற்கத்தக்க ஒரு கருத்தே, முடிந்த முடிபன்று. அவன் பெயரைப் பெற்ற நீர் புவியியலாற் கடனீரேரியின் வாய், வழக்கால் ஆறு. வழக்கைப் பிழையென ஒதுக்குதலும் பொருந்தாது. சந்நிதிமுருகனை ‘ஆற்றங்கரையான்’ என்று அடியார் அன்போடு அழைக்கின்றனர். அப்பெயரைக் கடனீரேரிக் கரையான் என்று திருத்துவார் எவருமிலர். நீரொன்றின் பெயர் அதன் இயல்பை மாத்திரமன்று, மக்கள் அதனிடம் எதிர்பார்த்ததையும் காட்டும். ஆறில்லா நாட்டில் ஆறென்று ஒரு நீரை அழைத்தவர் நெஞ்சில் நன்னீர் வேட்கை இருந்திருத்தல் வேண்டும். அவ்வேட்கையே 1953 ஆம் ஆண்டில் அணையாகவும், 1954 ஆம் ஆண்டில் திட்டமாகவும் உருப்பெற்றது.

மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். அடுத்த முறை தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது சற்றே நின்று, பாலத்தின் இருபுறமும் உள்ள நீரை நோக்குக. ஒரு புறத்து நீரின் உவரும் மறுபுறத்து நீரின் உவரும் மாரியில் எவ்வளவு, கோடையில் எவ்வளவு என அளந்து எழுதுக. கரையோரக் கிணறு ஒன்றின் நீரை மாதந்தோறும் சோதித்து ஒப்பிடுக. உங்கள் ஊரிலுள்ள முதியோரிடம் குளம், தரவை, ஓடை, பரவை ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டுக் குறித்துவைக்க. இவை பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கன. ஆண்டாண்டு சேர்த்துவைப்பின் அறிஞரும் பொறியியலாளரும் தேடிவந்து பயன்கொள்ளத்தக்கன. தொண்டைமான் யாரென்னும் வினாவுக்கு முடிவான விடை ஒருகால் கிடையாமலே போகலாம். தொண்டைமானாறு உண்மையில் ஆறாகுமா என்னும் வினாவுக்கு விடை இறந்தகாலத்தில் இல்லை. இனி நாம் செய்யும் செயலிலேயே உளது.